வளையங்கள் வயதைச் சொல்லாத மரம்

பீட்ரூட்டைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வளையங்கள் அதன் வயதா என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் பிடுங்கிவிடும் கிழங்கு அது. வேம்பிலும் மாமரத்திலும் கேம்பியம் என்னும் வளர்திசு அடுக்கு ஒன்றே ஆயுள் முழுக்க உழைத்து, உள்ளே கட்டையையும் வெளியே சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயத்தையும் தருகிறது. பீட்ரூட்டிலோ நாற்றுப் பருவத்திலேயே பல கேம்பியங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தோன்றி, ஏறக்குறைய ஒரே காலத்தில் பருக்கின்றன.

இதைவிட என்னை ஈர்ப்பது வெண்கண்டல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பெரும்பகுதி இந்த மரம்தான். இதன் கேம்பியம் சில காலம் வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும். அதற்கு வெளியே புதியது பிறக்கும். பழைய ஃபுளோயம் பட்டையோடு உதிராமல் கட்டைக்குள்ளேயே புதைந்துபோகும். அடுக்குகளும் ஒழுங்கான வட்டங்களாக இருப்பதில்லை, வலைபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எண்ணி வயது சொல்ல வழியே இல்லை.

இந்த அமைப்பால் மரத்துக்கு என்ன பயன்? உப்பு மண்ணிலிருந்து நீரை இழுக்க மரத்துக்குப் பெரும் விசை வேண்டும். இழுக்கும்போது நீரைக் கடத்தும் சைலக் குழாயில் நீர்த்தொடர் அறுந்து காற்று புகுந்துவிடலாம். கட்டைக்குள் புதைந்த உயிருள்ள திசுக்கள் நீரையும் சர்க்கரையும் பக்கத்திலேயே வைத்திருந்து அந்த நெருக்கடியைத் தாங்க உதவுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்கள் தெருவில் குழாய் உடைந்த கோடையில், வீட்டில் தொட்டி வைத்திருந்தவர்கள் சமாளித்ததைப் போல.

பீட்ரூட் தண்டுக்கீரையின் உறவு. வெண்கண்டல் ஆடாதோடைக் குடும்பம். இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. பூவே பூக்காத நீட்டம் (Gnetum) கொடிகளிலும் இதே அமைப்பு உண்டு. பரிணாமத்தில் வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக இந்த வழியைக் கண்டடைந்திருக்கின்றன.

உப்பைத் தாங்கும் மரம்தானே என்று நாம் எதையும் அதன்மேல் சுமத்திவிடுகிறோம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஒருகாலத்தில் விறகுக்காகப் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேற்று நிலம் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி வற்றி, உப்பு ஏறியது. காவிரியின் நன்னீரும் குறைந்தது. இத்தனை ஆயத்தங்கள் உள்ள வெண்கண்டல்கூட அங்கே முளைக்கவில்லை. பிறகு கால்வாய் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து நட்ட இடங்களில்தான் கன்றுகள் பிடித்தன.