ஹிப்போகாம்பஸின் தீட்டா அலையும் மூளைத்தண்டும்

தீட்டா அலை என்பது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் சீரான தாளத்துடன் எழும் மின்னலை ஆகும். எலிகளில் இது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 12 முறை எழுகிறது. எலி நடக்கும்போதும், புதிய இடத்தை ஆராயும்போதும், விரைவுக் கண்ணசைவு உறக்கத்திலும் இதைத் தெளிவாகக் காணலாம். அலை தோன்றுமிடம் ஹிப்போகாம்பஸ் என்றாலும், அதை எழுப்புவதிலும் அடக்குவதிலும் மூளைத்தண்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்டறிவு

1938-இல் யுங், கோர்ன்முல்லர் ஆகியோர் முயலின் மூளையில் இவ்வலையைப் பதிவு செய்தனர். 1954-இல் கிரீன், அர்துயினி ஆகியோர் இதை விரிவாக ஆராய்ந்து, விழிப்பூட்டும் தூண்டல்களால் இது எழுவதைக் காட்டினர்.

எழுப்பும் பாதை

மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலுள்ள வலைப்பின்னல் அமைப்பின் நரம்பணுக்கள் இடைவிடாது துடிப்புகளை அனுப்புகின்றன. இத்துடிப்புகளில் தாளம் இல்லை. ஹைப்போதலாமஸின் பின்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் அவற்றைத் தாளமுள்ள துடிப்புகளாக மாற்றி, நடுச் செப்டத்துக்கு அனுப்புகின்றன. கச்சேரியில் தாளம் போடுபவரைப்போல, நடுச் செப்டம் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களை ஒருசேர இயங்க வைக்கிறது. செப்டம் சிதைக்கப்பட்டால் தீட்டா அலை மறைந்துவிடும் அல்லது மிகவும் குன்றிவிடும்.

அடக்கும் பகுதி

மூளைத்தண்டின் நடு ரேபி உட்கரு இதற்கு எதிராகச் செயல்படுகிறது. அதைத் தூண்டினால் தீட்டா அலை கலைகிறது. அதன் செயலை மருந்தால் தணித்தால் அலை எழுகிறது. இங்குள்ள செரட்டோனின் நரம்பணுக்கள் இத்தடையில் பங்கு கொள்கின்றன.

முக்கியத்துவம்

1978-இல் வின்சன் செய்த ஆய்வில், செப்டம் சிதைக்கப்பட்டுத் தீட்டா அலையை இழந்த எலிகள், முன்பு கற்ற இடத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறின. கல்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதையில் ஒருமுறை சென்றவர் மறுமுறை திருப்பங்களை நினைவுகூர உதவுவதும் ஹிப்போகாம்பஸே. ஆனால் மனிதரில் இவ்வலை பொதுவாக மெதுவாகவும் விட்டுவிட்டும் தோன்றுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணன் குழுவினர், ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் தீட்டா அதிர்வெண்ணுக்கு ஒத்ததிரும் பண்பை ஆராய்கின்றனர்.

தவறான புரிதல்

‘தீட்டா இசை’ கேட்டால் நினைவாற்றல் பெருகும் என மாணவர்களை நோக்கி விளம்பரங்கள் வருகின்றன. தலைத்தோலில் பதிவாகும் தீட்டா அலை பெரும்பாலும் மூளைப் புறணியில் உண்டாவது. தூக்கக் கலக்கத்திலும் அது தோன்றும். ஹிப்போகாம்பஸின் தாளம் மூளையின் உள்ளிருந்தே, மேற்கண்ட பாதைகளின் வழியாக எழுகிறது. எனவே எலிகளில் கண்ட முடிவுகளை அத்தகைய விளம்பரங்களுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.