168 கலங்களில் ஒன்று

பதினைந்து வயதான டொயோட்டா பிரியஸ் ஒன்றின் முன்பலகையில் ஒருநாள் சிவப்பு முக்கோணம் எரிகிறது. கராஜில் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது, புதுசுதான் போடவேணும்" என்கிறார்கள். விலையைக் கேட்டதும், இதற்குக் காரையே மாற்றிவிடலாமே என்று மனம் ஓடுகிறது. ஓடட்டும். அதற்குள் பற்றரிப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்போம்.

பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெட்டிக்குள், அலுமாரியில் புத்தகங்களை அடுக்கியதுபோல 28 கட்டைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ. ஒவ்வொன்றுக்குள்ளும் 6 மின்கலங்கள். ஒரு கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ற்று, சுவர்க் கடிகாரத்தில் போடும் கலத்தைவிடக் குறைவு. ஆனால் 168 கலங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 201.6 வோல்ற்று வந்துவிடுகிறது. இப்படிக் கோப்பதில் ஒரு விலை உண்டு: ஒரே மின்னோட்டம் எல்லாக் கலங்களையும் கடந்துதான் போகவேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்ற 167உம் அதன் நடைக்கு இறங்கியாக வேண்டும். பற்றரி முடிந்துவிட்டது என்று கேள்விப்படும்போது, உண்மையில் முடிந்தது ஒரேயொரு கலமாகவும் இருக்கலாம்.

இந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்? மின்பட்டியல் கணக்கில் 1.3 அலகு. ஒரு கூரை விசிறியைப் பதினேழு மணி நேரம் சுழற்றலாம். பெற்றோலில் அடங்கிய ஆற்றலாகச் சொன்னால் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். அதிலும் காரின் கணினி முழுவதையும் தொடவிடுவதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாது, 40 சதவீதத்துக்குக் கீழே இறக்காது. முன்பலகையில் பற்றரி நிறைந்ததாகக் காட்டும்போதுகூட உள்ளே இடம் மீதி இருக்கும். இந்தக் கட்டுப்பாடுதான் கலங்களைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழவைக்கிறது. கையளவு ஆற்றலை வைத்துக்கொண்டு எப்படிப் பெற்றோல் மிச்சமாகிறது என்றால், அது சேமிப்புக் கணக்கல்ல, கைமாற்று. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகியிருக்கும் ஆற்றலை வாங்கி, பச்சை விளக்கு விழுந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. ஒரே நாளில் நூறு முறைகூட.

கலத்துக்குள் நடப்பது இன்னும் அழகு. இதன் வகை நிக்கல்-உலோக ஐதரைட்டு. ஐதரைட்டு என்றால் ஐதரசனைத் தன்னுள் வாங்கிக்கொண்ட உலோகம். மின்னேற்றும்போது ஐதரசன் அணுக்கள் கலப்புலோகத்தின் அணுக்களுக்கிடையே உள்ள இடுக்குகளில் போய் ஒதுங்குகின்றன; மின்னிறக்கும்போது வெளியே வருகின்றன. பஞ்சு நீரை வாங்கி விடுவதுபோலத்தான், பஞ்சுக்குப் பதில் திடமான உலோகம்! ஒவ்வொரு முறையும் அந்த உலோகம் சற்றே வீங்கிச் சுருங்குகிறது. நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பில் அரிப்புப் பிடிக்கிறது. அரிப்பு கலத்தினுள் இருக்கும் கரைசலின் நீரைக் குடிக்கிறது. கலம் மூப்படைவது இப்படித்தான். வெப்பம் அதை விரைவுபடுத்தும். அதனால் காற்று எளிதில் சேராத நடுவரிசைக் கட்டைகளே பெரும்பாலும் முதலில் தளர்கின்றன.

எது தளர்ந்தது என்று கணினிக்குத் தெரியும். 28 கட்டைகளையும் 14 சோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியின் அழுத்தத்தையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கெட்ட கட்டையை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். செலவும் மிகக் குறைவு. ஆனால் மூத்தவர் இருபத்தேழு பேருக்கு நடுவே ஒரு இளைஞனை நிறுத்தினால் அணிவகுப்புச் சீராகாது. சில மாதங்களில் அடுத்த பலவீனமான கட்டை விழும். அனுபவமுள்ள கைகள் எல்லாக் கட்டைகளையும் ஏற்றி இறக்கி, கொள்ளளவை அளந்து, ஒத்தவற்றையே சேர்க்கும். இலங்கையில் வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம்வரை மூடிக்கிடந்தபோது, புதிய கார் என்ற தெரிவே இல்லாமல் போனது. இருக்கிற அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை ஓடவைப்பதுதான் ஒரே வழியாயிற்று.

சரி, பற்றரியைத் திருத்தினாலும் மற்றப் பாகங்கள் அடுத்தடுத்து விழாதா? இங்கே பிரியஸ் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது: விழவேண்டிய பல பாகங்கள் அதில் இல்லவே இல்லை. கிளச் இல்லை. ஸ்ரார்ட்டர் இல்லை. பின்னோக்கிச் செல்லத் தனிக் கியர்கூட இல்லை. மோட்டர் மறுபக்கம் சுழல்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரு பல்சக்கரத் தொகுதி பார்த்துக்கொள்கிறது. நடுவில் 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம், அதைச் சுற்றும் கோள் சக்கரங்கள், வெளியே 78 பற்கள் கொண்ட வளையம். சூரியனில் சிறிய மோட்டர், கோள்களின் தாங்கியில் பெற்றோல் இயந்திரம், வளையத்தில் பெரிய மோட்டரும் ரயர்களும். இயந்திரத்தின் முறுக்குவிசையில் 72 சதவீதம் வளையத்துக்கும் 28 சதவீதம் சூரியனுக்கும் போகிறது. இந்தப் பங்கீட்டைப் பற்களின் எண்ணிக்கையே தீர்த்துவைக்கிறது. பிரேக் வேலையில் பெரும்பங்கை மோட்டரே செய்வதால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் தேயாமல் இருக்கின்றன.

புதுக் கார் இன்னும் குறைவாகக் குடிக்குமே என்பது அடுத்த நியாயம். இதில் நம் மூளை வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் அதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் தரும் காரை விட்டு 12 தரும் காருக்கு மாறினால் 1,500 லீற்றர் 1,000 ஆகிறது, மிச்சம் 500. லீற்றருக்கு 20 தரும் காரை விட்டு 30 தரும் காருக்கு மாறினால் 600 லீற்றர் 400 ஆகிறது, மிச்சம் 200தான். 20இலிருந்து 30க்குத் தாவுவது பெரிய தாவலாகத் தெரிந்தாலும், ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் காரில் மிச்சம்பிடிக்க அதிகம் இல்லை.

அந்த 200 லீற்றரை எரித்தால் 460 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். புதிய காரின் உருக்கையும் அலுமினியத்தையும் உருக்கி வார்த்துப் பொருத்துவதிலேயே பல டன் வெளியாகிவிடுகிறது. 6 டன் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடனை அடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஓடவேண்டும்!

ஆகவே நான் திருத்துவதன் பக்கம். விலக்கு ஒன்று: துரு. இக்காலக் கார்களில் தகட்டு உடலே எலும்புக்கூடு. கடற்கரை உப்புக்காற்றில் அதன் அடித்தாங்கிகள் அரித்துப்போயிருந்தால், எவ்வளவு நல்ல பற்றரியும் மோதலில் உங்களைக் காக்காது. ஆகவே காரைத் தூக்கி அடியைப் பார்த்தபிறகே பற்றரிக்குப் பணம் கொடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். பின்னிருக்கையின் ஓரத்தில் சிறு காற்றுத் துளை வரிசை ஒன்று இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன்வழியாகத்தான் மூச்சிழுக்கிறது. பல கார்களில் அதன் மேலே ஒரு சந்தைப் பை சாய்ந்து கிடக்கும். உள்ளே விசிறியில் தூசி பஞ்சுபோல் படிந்திருக்கும்.