இரண்டு லேப்டாப், ஒரு ஒயர்: குடும்பப் படங்கள் பத்திரமாகக் குடிபெயர!

வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தாயிற்று. குங்குமமும் வைத்தாயிற்று. பழசு பரணுக்கு ஏறக் காத்திருக்கிறது. ஆனால், அந்தப் பழசுக்குள்தானே எல்லாம் இருக்கிறது? குழந்தையைத் தொட்டிலில் போட்ட நாள், அது தத்தித் தத்தி முதல் அடி வைத்த வீடியோ, மாமனார் மாமியாரின் அறுபதாம் கல்யாணம், இன்று நம்மோடு இல்லாத பாட்டியின் குரல்...

"ஏங்க, இதையெல்லாம் புதுசுக்கு மாத்திக் கொடுத்துடுங்களேன்" என்று கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று பதில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பழசின் ஹார்ட் டிஸ்க் கண்ணை மூடிவிட்டால்?

அதனால்தான் சொல்கிறேன், நாமே செய்துவிடலாம். நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரஷர் குக்கர் வந்த புதிதில் அதன் விசில் சத்தத்துக்கே பயந்தவர்கள் இருந்தார்கள். இன்று எத்தனை விசிலில் எந்தப் பருப்பு வேகும் என்பது நமக்கு மனப்பாடம். இதுவும் அப்படித்தான். தேவை ஒரே ஒரு லேன் கேபிள்.

ஒயர் எதற்கு? இன்டர்நெட் இல்லையா?

இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில வருஷத்துப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்தால் 50 ஜி.பி. சர்வசாதாரணம். தினம் 2 ஜி.பி. என்று அளந்து தரும் மொபைல் டேட்டாவில் அதை ஏற்ற 25 நாள் ஆகும். கூகுள் இலவசமாகத் தரும் இடமோ 15 ஜி.பி.தான். அளவில்லாமல் படங்களை ஏற்றலாம் என்றிருந்த சலுகையும் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. பாதுகாப்பு நின்றுபோன கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் விடுவது, தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. தமிழக அரசு 2011 முதல் மாணவ மாணவியருக்குக் கொடுத்த லேப்டாப் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதை இன்டர்நெட் பக்கமே விடாமல், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள ஒயர்தான் சௌகரியம்.

வேகமும் அதிகம். இரண்டு லேப்டாப்பிலும் கிகாபிட் இணைப்பு இருந்தால், கணக்குப்படி விநாடிக்கு 125 எம்.பி. வரை போகும். 50 ஜி.பி.யைப் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவானது, படங்களோ சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் அரைமணியோ, அதற்கு மேலோ ஆகலாம். பழசில் இருப்பது 100 மெகாபிட் இணைப்பு என்றால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். சாம்பார் வைத்து, ஒரு பொரியலும் முடிக்கிற நேரம்!

இந்த ஒயரின் கதை

லேன் கேபிளில் ஓடும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1973-ல் ராபர்ட் மெட்காஃப் என்பவர் இந்த யோசனையை எழுதி வைத்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். பிற்காலத்தில் பல ஈதர்நெட் வலைகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது, செய்தி வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும் தொல்லை தலைதூக்கியது. அதற்கு 1985-ல் தீர்வு கண்டவர் ஒரு பெண்மணி: ரேடியா பெர்ல்மன். தம் தீர்வை ஒரு கவிதையாகவும் எழுதி, கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டார். ஆக, இந்த ஒயர் ஆண்களின் சொத்து என்று யாரும் சொல்ல முடியாது!

ஒயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடிகளாக இருக்கும். முன்பெல்லாம் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்க 'கிராஸ் ஓவர்' கேபிள் என்று தனியாக வாங்க வேண்டும். டெலிபோனில் ஒருவர் பேசுவது மற்றவர் காதுக்குத்தானே போக வேண்டும்? அதுபோல, ஒரு கம்ப்யூட்டர் சொல்லும் கம்பி அடுத்ததன் கேட்கும் கம்பியோடு சேரும்படி அந்தக் கேபிளில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். இப்போதுள்ள லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. ஆகவே சாதாரணக் கேபிளே போதும். கடையில் 'கேட் 5 இ' அல்லது 'கேட் 6' என்று கேளுங்கள். இரண்டு மீட்டர் தாராளம்.

தொடங்கும் முன்

* இரண்டு லேப்டாப்பையும் மேஜைமேல் வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம்; காற்றோட்டம் இல்லாமல் சூடேறும்.
* இரண்டிலும் சார்ஜர் செருகியிருக்கட்டும். பாதியில் தூங்கிவிடாதபடி 'ஸ்லீப்' நேரத்தை 'நெவர்' என்று வையுங்கள்.
* இரண்டிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.
* பழசில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் படங்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்.
* தவழும் குழந்தை இருந்தால் அது தூங்கும் வேளையாகப் பாருங்கள். தொங்கும் ஒயரை இழுக்காமல் இருக்காது!

செய்முறை

1. ஒயரைச் செருகுதல்: இரண்டு லேப்டாப்பின் பக்கவாட்டிலும் உள்ள லேன் துளையில், 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பல லேப்டாப்களில் துளைக்குப் பக்கத்தில் குட்டி விளக்கு மினுக்கும். புது லேப்டாப் ஒல்லியாக, லேன் துளையே இல்லாமல் இருக்கிறதா? யு.எஸ்.பி.யில் செருகும் 'லேன் அடாப்டர்' கடையில் கிடைக்கும்.

2. கதவு நம்பர் கொடுத்தல்: தபால்காரருக்குத் தெருவும் கதவு நம்பரும் வேண்டும் அல்லவா? இரண்டு லேப்டாப்புக்கும் ஒரே தெருவில் வேறு வேறு நம்பர் கொடுக்கப் போகிறோம். விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று ஆங்கில எழுத்துக்களில் இடைவெளி இல்லாமல் தட்டி 'என்டர்' அழுத்துங்கள். 'ஈதர்நெட்' என்ற படம் தெரியும். விண்டோஸ் 7-ல் 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்' என்றிருக்கும். அதன்மேல் வலது க்ளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போங்கள். அங்கே 'இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4' என்பதை இரண்டு தடவை க்ளிக் செய்து, 'யூஸ் த ஃபாலோயிங் ஐ.பி. அட்ரஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பழசில்: 192.168.10.1
புதிதில்: 192.168.10.2

இரண்டிலும் 'சப்நெட் மாஸ்க்' கட்டத்தில் 255.255.255.0 என்று போடுங்கள். இருவரும் ஒரே தெருக்காரர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். மற்றக் கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். 'ஓகே' கொடுத்து வெளியே வாருங்கள்.

3. பழசின் கதவைத் திறத்தல்: பழைய லேப்டாப்பில் 'கன்ட்ரோல் பேனல்' போய், 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்', 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' என்று வரிசையாகத் திறங்கள். 'கரன்ட் ப்ரொஃபைல்' என்று குறித்திருக்கும் பகுதியில், 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்பதை 'ஆன்' செய்து சேமியுங்கள். பிறகு படங்கள் உள்ள ஃபோல்டர்மேல் வலது க்ளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்', 'ஷேரிங்', 'ஷேர்' என்று போனால் அந்த லேப்டாப்புக்கு உரியவர் பெயர் தெரியும். கீழே உள்ள 'ஷேர்' பட்டனை அழுத்தினால் போதும்.

4. புதிதிலிருந்து எட்டிப் பார்த்தல்: புது லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு 'இ' எழுத்தை அழுத்தினால் ஃபைல்கள் இருக்கும் ஜன்னல் திறக்கும். மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் \\192.168.10.1 என்று தட்டி 'என்டர்' கொடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பழைய லேப்டாப்பில் நுழையும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். ஈ-மெயில் முகவரி கொடுத்து நுழைகிறவர்கள் அந்த முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் கொடுங்கள். இதோ, உங்கள் ஃபோல்டர் கண்ணில் படும்!

5. காப்பி செய்தல்: ஃபோல்டரைக் 'காப்பி' செய்து, புதிதின் 'பிக்சர்ஸ்' பகுதியில் 'பேஸ்ட்' செய்யுங்கள். கவனம், 'கட்' வேண்டவே வேண்டாம். பாதி வழியில் கரண்ட் போனாலோ, ஒயர் கழன்றாலோ, எது எங்கே இருக்கிறது என்று குழம்பிப் போவீர்கள். 'காப்பி' என்றால் பழசில் இருப்பது பழசிலேயே இருக்கும்.

சரிபார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்

ஃபோல்டர்மேல் வலது க்ளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' பாருங்கள். எத்தனை ஃபைல், எவ்வளவு அளவு என்று வரும். இரண்டு லேப்டாப்பிலும் ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு, ஆரம்பத்தில் நாலு, நடுவில் நாலு, கடைசியில் நாலு படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோவைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை லிஸ்ட் பார்த்து எண்ணி வாங்குவதில்லையா? அந்த ஜாக்கிரதை இங்கேயும் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், பழசில் 'ஷேரிங்'கை 'ஆஃப்' செய்யுங்கள். இரண்டாவது படியில் போன அதே இடத்துக்குப் போய், 'ஒப்டெய்ன் அன் ஐ.பி. அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி' என்பதைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். மறந்துவிட்டால், பிற்பாடு பிராட்பேண்ட் ஒயரை அந்த லேப்டாப்பில் செருகும்போது இன்டர்நெட் வராது.

சில சந்தேகங்கள்

பாஸ்வேர்டு போட்டும் ஏற்கவில்லையே?

நாலு எண் 'பின்' போட்டிருப்பீர்கள். அது அந்தந்த லேப்டாப்புக்கு மட்டுமே. இங்கே பாஸ்வேர்டுதான் வேண்டும். பழசில் பாஸ்வேர்டே வைக்கவில்லை என்றால் ஒன்று வைத்துவிட்டுச் செய்யுங்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை ஒயர் வழியாக உள்ளே விடாமலிருப்பது விண்டோஸின் வழக்கம்.

முகவரியைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லையே?

முதலில் ஒயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இரண்டு நம்பரையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வேலை நடக்காது. தனியாக வாங்கிய ஆன்டி வைரஸ் இருந்தால் அது தடுக்கலாம். அதன் 'ஃபயர்வால்' பகுதியைச் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். ஒயர்தானே இருக்கிறது, இன்டர்நெட் இல்லை, பயம் வேண்டாம். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

யு.எஸ்.பி. ஒயரால் இரண்டையும் இணைக்கலாமா?

இரண்டு முனையும் ஒரே மாதிரி தட்டையாக இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. ஒயரால் இணைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் மின்சாரம் தருவதால் லேப்டாப் பழுதாகலாம்.

எங்கள் வீட்டில் இரண்டுமே ஆப்பிள் மேக். என்ன செய்வது?

அதிலேயே 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' என்ற வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் அதுவே படிப்படியாக வழி சொல்லும்.

பழைய லேப்டாப்பில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதே?

ஹார்ட் டிஸ்க் தளர்ந்துவிட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சும்மா ஓடவிடாதீர்கள். லேப்டாப் திறக்கிறதென்றால், திரும்பக் கிடைக்காத படங்களையும் குரல்களையும் முதலில் காப்பி செய்யுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு. திறக்கவே இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல், தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று

பழசைப் பரிமாற்றத்துக்குக் கொடுக்கப் போகிறீர்களா? ஃபைலை 'டெலீட்' செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அழித்ததையும் மீட்டெடுக்க வழி உண்டு. விண்டோஸ் 10-ல் 'ரீசெட் திஸ் பி.சி.' என்ற இடத்தில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, 'க்ளீன் டேட்டா' என்பதையும் 'ஆன்' செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன், புதிதில் உள்ள படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்து பீரோவில் வையுங்கள். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படம், பத்திரமாக இருக்கும் படம் அல்ல.

ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை முதல் லேப்டாப் வரை துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, அன்றைக்கே இந்தக் காப்பி வேலையையும் வருஷா வருஷம் வைத்துக்கொள்ளலாம். சந்தனத்தை மட்டும் லேன் துளைக்குள் தடவிவிடாதீர்கள்!