குளச்சல் துறைமுகம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. 1746-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் குக் என்னும் இளைஞர் கப்பற்றொழில் பயில அவ்வூருக்கு வந்தார். பின்னாளில் அவர் உலகைச் சுற்றிவந்த 'எண்டெவர்' என்னும் கப்பலும் அங்கே கட்டப்பட்டதே. கேப்டன் குக்கை அறியாத மாணவர் நம்மிடையே அரியர். ஆனால் குக் விட்பிக்கு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், மண்டைக்காட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய குளச்சலில் ஓர் ஐரோப்பிய வல்லரசின் படை தோற்றுச் சரணடைந்தது. அச்செய்தியை அறிந்தவர் நம் மாணவருள் எத்துணை பேர்?

கடலுக்குள் தலைதூக்கி நிற்கும் பாறைகளின் காப்பில், இயற்கையாகவே அமைந்த துறை குளச்சல். அந்நாளில் வேணாட்டு மிளகுக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலோரச் சிற்றரசர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மிளகைத் தமக்கேற்ற விலையில் வாங்கிவந்தனர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் அச்சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் நாட்டோடு இணைக்கலானார். ஒப்பந்தங்கள் பயனற்றுப் போயின. போர் மூண்டது. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கி, அரண் அமைத்து, அண்மையிலுள்ள ஊர்களையும் கைப்பற்றியது. ஆயினும் அதே காலத்தில் டச்சுக்காரர் ஜாவாத் தீவிலும் போரிட்டுக் கொண்டிருந்தமையால், அங்கிருந்து உதவிப்படை வரவில்லை. 1741 ஆகஸ்டில், முற்றுகையிடப்பட்டிருந்த டச்சுப் படையினர் சரணடைந்தனர். கடற்கரை மக்கள் மன்னருக்குத் துணைநின்றனர் என்பது இப்பகுதியில் வழிவழியாக வழங்கும் செய்தி.

சிறைப்பட்டவருள் டிலனாய் என்பவர் ஒருவர். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் அமர்த்தினார். பகைவனாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராகி, கோட்டைகளை வலுப்படுத்தி, 'வலிய கப்பித்தான்' என்று மக்களால் அழைக்கப்பட்டு, 1777-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

நான் தலைமையாசிரியராக இருந்த நாளில் ஆண்டுதோறும் மாணவரைக் குளச்சல் வெற்றித்தூணருகே அழைத்துச் செல்வது வழக்கம். ஒருமுறை மீனவர் வீட்டு மாணவன் ஒருவன், போர் முடிந்தபின் இவ்வூர் மக்கள் என்ன ஆனார்கள் என்று வினவினான். பாடநூலில் இல்லாத வினா அது. வரலாற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் காணவேண்டும் என்பதை அச்சிறுவன் எனக்கு உணர்த்தினான்.

அவன் வினாவுக்கு விடை இதுதான். துறையில் ஏறிய சரக்குகள் காலந்தோறும் மாறின. மீன்தொழில் மட்டும் மாறாமல் நின்றது. மிளகை அடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசம்பு மலைத் தோட்டங்களின் காப்பி வந்தது. கயிறும் கருப்பட்டியும் கருவாடும் ஏறின. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம் அந்நாளில் எரிவாயு விளக்கின் வலைத்திரிக்கு இன்றியமையாதது. ஆகவே நம் கரைமணலே கப்பலேறியது. பின்னர் அக்கப்பல்களும் நின்றன. விட்பியிலும் திமிங்கில வேட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓய்ந்தது. வாணிகம் துறைமுகத்துக்கு விருந்தினர், கடலோடிகளே வீட்டார்.

அவ்வீட்டாரின் வாழ்வைப் பாருங்கள். கரைமடி இழுக்கும்போது கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும். வள்ளம் வலையை வளைவாக விரித்து மறுமுனையோடு கரைக்குத் திரும்பும். இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பர். கிடைக்கும் சாளையும் நெத்திலியும் பங்காகப் பிரியும். பெண்கள் அதைக் கடவத்தில் சுமந்து உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்வர். மீன்கள் இனம் பெருகும்பொருட்டு ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதிவரை 61 நாள் இம்மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாளில் அவற்றை நம்பியிருக்கும் பல வீடுகளில் வருவாய் குன்றும்.

கடலின் சீற்றத்தைச் சுமப்பவரும் இவர்களே. 1860-ஐ ஒட்டித் திருவிதாங்கூர் அரசு கடலோரமாக ஒரு நீர்வழி வெட்டத் தொடங்கியது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டம் என்னும் மூன்று பெயர்களைச் சேர்த்து ஏ.வி.எம். கால்வாய் என்பர். கன்னியாகுமரிவரை செல்லவேண்டிய அது முற்றுப்பெறாமலே நின்றது. சரக்குத் தோணிகளுக்காக வெட்டிய அக்கால்வாய், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உள்நாடு நோக்கி ஓடியவர்களின் வழியை மறித்தது. பலர் அதிலேயே மாண்டனர். கரையில் ஒன்றைக் கட்டுமுன் அங்கே வாழ்பவரை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

2016-இல் மத்திய அமைச்சரவை, குளச்சலுக்கு அண்மையில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. வேலைவாய்ப்பும் வாணிகமும் பெருகும் என்றனர் சிலர். கரையும் வீடும் தொழிலும் போகும் என்று மீனவர் எதிர்த்தனர். இரு சாராரின் கூற்றிலும் பொருள் உண்டு. எனினும் கப்பலின் எடையை அளப்பவர் கட்டுமரத்தின் எடையையும் அதே தராசில் அளத்தல் வேண்டும்.

மாணவர்களே! விடுமுறையில் ஒருநாள் குளச்சலுக்குச் செல்லுங்கள். வெற்றித்தூணைப் பாருங்கள், கால்வாய்க் கரையில் சற்று நில்லுங்கள், மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைக் கவனியுங்கள். முதியோரிடம் பழைய கப்பல்களைப் பற்றியும் சரக்குகளைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நினைவிலுள்ளவை இன்று எழுதப்படாவிட்டால், நாளை கேட்டறிய ஆள் இருக்கமாட்டார்.