ஒரே லேப்டாப், இரண்டு ஓஎஸ், திடீர் ஹேங்: ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழும் யோசனை, "ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுடலாம்" என்பதுதான். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் பழைய தொல்லை சீக்கிரமே திரும்ப வந்து நிற்கும். அதற்குள் ப்ராஜெக்ட் ஃபைல்களும் போட்டோக்களும் போயிருக்கும். எதனால் நின்றது என்று காட்டக்கூடிய பதிவுகளும் அவற்றோடு அழிந்திருக்கும். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்த அவசரம் தேவையே இல்லை. கோளாறு மெஷினிலா, சாஃப்ட்வேரிலா என்று பிரித்துப் பார்க்கும் வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு இரண்டு ஓஎஸ் லேப்டாப் புதிதல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைப் பரப்புவதற்கென்றே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது இன்னொரு காரணம். டிபிஎம் 2.0 சிப் இல்லாத பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அதனால் பழைய விண்டோஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் உபுண்டுவோ மின்ட்டோ போட்டுக்கொள்கிறார்கள்.

எந்த வகை ஹேங்?

எல்லா ஹேங்கும் ஒன்றல்ல. அடுத்த முறை திரை உறைந்து நின்றதும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தி, அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்.

விளக்கு மாறுகிறது, ஓடிக்கொண்டிருந்த பாட்டும் நிற்கவில்லை என்றால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. திரை மட்டும் சிக்கியிருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் சந்தேகம் வைக்கலாம். விண்டோஸில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். அங்கிருந்து ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்யலாம்.

மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, சில நிமிடம் கழித்துத் தானாகத் தெளிகிறது என்றால் பெரும்பாலும் ராம் போதவில்லை என்று அர்த்தம். 4 ஜிபி ராமில் குரோம் முப்பது டேபோடு ஓடும்போது நடப்பது இதுதான்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, ஸ்பீக்கரில் ஒரே துண்டுச் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மெஷின் முழுவதுமாக நின்றுவிட்டது. லினக்ஸில் அந்த விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே செயலிழந்திருக்கிறது. கவனமாகத் தேட வேண்டியது இந்த வகையைத்தான்.

ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்

எப்போது வரும் என்று தெரியாத கோளாறைப் பிடிக்க நினைவு போதாது. ஒவ்வொரு முறை நின்றபோதும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: எந்த நாள் எத்தனை மணி, எந்த ஓஎஸ், சார்ஜரிலா பேட்டரியிலா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, அடிப்பாகம் தொட்டால் சுட்டதா. எழுதி வைத்தால், தேதியை அடுத்து இப்படி இருக்கும்: "மதியம் 2.40, உபுண்டு, சார்ஜர், யூடியூப், நல்ல சூடு." "இரவு 9.15, விண்டோஸ், சார்ஜர், வேர்ட் மட்டும், சூடு இல்லை." ஏழெட்டு வரி சேர்ந்ததும் எல்லா வரியிலும் பொதுவாக இருப்பது எது என்பது கண்ணில் படும். மேலே உள்ள இரண்டு வரிகளில் பொதுவானது சார்ஜர் மட்டும்தான்.

இரண்டு ஓஎஸ்ஸையும் ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸும் லினக்ஸும் பயன்படுத்துவது ஒரே ராம், ஒரே ப்ராசஸர், ஒரே ஃபேன். இரண்டிலும் ஹேங் வந்தால் ஹார்டுவேரில் தேடத் தொடங்குங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் அந்த ஓஎஸ்ஸின் டிரைவரிலும் செட்டிங்கிலும் தேடுங்கள். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்றால் இரண்டிலும் ஒரே வேலையை ஒரே அளவு நேரம் செய்ய வேண்டும். விண்டோஸில் கேம், லினக்ஸில் வெறும் டைப்பிங் என்று பார்த்தால் எதுவும் தெரியாது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே டிஸ்க்கில் இருந்தாலும் அவற்றின் பகுதிகள் வேறு. டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி மட்டும் பழுதாகியிருந்தால், ஹார்டுவேர் கோளாறு விண்டோஸ் கோளாறு மாதிரி தெரியும். அதனால் மூன்றாவதாக ஒரு சோதனையும் செய்யுங்கள். உபுண்டுவையோ மின்ட்டையோ பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" முறையில் சில மணி நேரம் ஓட்டுங்கள். அப்போது டிஸ்க்குக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பென்டிரைவில் ஓடும்போதும் நின்றால் ராம், சூடு, போர்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கவே இல்லை என்றால் டிஸ்க்கோ, அதில் உள்ள ஓஎஸ்ஸோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டிலும் நின்றால்

முதல் வேலை பேக்கப். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சூடு: அக்னி நட்சத்திர வெயிலில் 40 டிகிரி தாண்டும் ஊர் நம்முடையது. மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு, ப்ராசஸர் 95, 100 டிகிரிவரை போய்விடும். சூட்டின் அடையாளம் என்னவென்றால், மெஷின் முதலில் மந்தமாகும், ஃபேன் இரையும், கடைசியில் பட்டென்று அணைந்துவிடும். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். ஃபேனுக்கும் செம்புப் பட்டைக்கும் நடுவே தூசி படிந்து துணி மாதிரி அடைத்திருந்தால், திறந்து சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள்.

ராம்: லினக்ஸின் பூட் மெனுவில் "மெம்டெஸ்ட்" இருந்தால் இரவில் ஓடவிட்டுப் படுங்கள். இல்லையென்றால் பென்டிரைவில் ஏற்றி ஓட்டலாம். விண்டோஸிலும் மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. காலையில் ஒரே ஒரு எரர் இருந்தாலும் ராமை நம்ப முடியாது. கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்ப அழுத்தமாகப் பொருத்தி மறுபடி சோதியுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்: ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். உபுண்டுவில் "டிஸ்க்ஸ்" ஆப்பிலும், விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளிலும் அதைப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க் என்றால் "ரீஅலோகேட்டட் செக்டார்", "கரன்ட் பென்டிங் செக்டார்" என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது நிற்காது.

சார்ஜர்: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். அப்போது ஹேங் வராவிட்டால் வேறொரு ஒரிஜினல் சார்ஜரும் வேறொரு பிளக் பாயின்ட்டும் வைத்துச் சோதியுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்குமேல் சார்ஜ் போடாமல் உடனே மாற்றுங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

லினக்ஸில் மட்டும் நின்றால்

ரீஸ்டார்ட் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது, முந்தைய ஓட்டத்தின் லாக். டெர்மினலில் "ஜர்னல்-சிடிஎல்" கட்டளையை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, இடம் விட்டு மைனஸ் பி, இடம் விட்டு மைனஸ் 1, இடம் விட்டு மைனஸ் இ என்று கொடுத்தால், நின்றுபோன ஓட்டத்தின் கடைசி வரிகள் வரும். "அவுட் ஆஃப் மெமரி" என்று இருந்தால் ராம் பற்றாக்குறை. ஸ்வாப் இடத்தைக் கூட்டுங்கள், டேப்களைக் குறையுங்கள். "ஐ-ஓ எரர்" என்று இருந்தால் டிஸ்க்கைச் சோதியுங்கள். "நுவோ", "ஐ915", "ஏஎம்டிஜிபியு" என்ற பெயர்கள் இருந்தால் கிராஃபிக்ஸ். எதுவுமே இல்லாமல் லாக் பாதியில் அறுந்து நின்றால், எழுதக்கூட நேரமில்லாமல் மெஷின் நின்றிருக்கிறது.

அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய ஹேங் என்றால் பூட் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் சரியாக ஓடினால் புதுக் கெர்னல்தான் காரணம். அடுத்த திருத்தம் வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். என்விடியா கார்டு இருந்தால் கம்பெனி டிரைவருக்கு மாறிப் பாருங்கள்.

சும்மா வைத்திருக்கும்போது மட்டும் நிற்கும் லேப்டாப்களும் உண்டு. 2013-இல் வந்த இன்டெலின் பே ட்ரெயில் வகைச் சிப்கள் இதற்குப் பெயர் போனவை. மலிவு விலை லேப்டாப்களில் நிறைய வந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்த ப்ராசஸர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய், சில நேரம் எழுந்து வராது. அந்த உறக்கத்தின் ஆழத்தைக் கட்டுப்படுத்த "சி-ஸ்டேட்" என்ற கெர்னல் அளவுரு இருக்கிறது. முதல் தலைமுறை ரைசன் சிப்களிலும் இதுபோன்ற புகார் இருந்தது. இப்படி உங்கள் நோட்டில் "சும்மா இருந்தபோது" என்றே திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பயோஸை அப்டேட் செய்யுங்கள். தீராவிட்டால் சி-ஸ்டேட் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விண்டோஸில் மட்டும் நின்றால்

ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று தேடினால் நாள்வாரியாக ஒரு அட்டவணை திறக்கும். சிவப்புக் குறி விழுந்த நாளும் உங்கள் நோட்டில் உள்ள நாளும் பொருந்துகிறதா, அதற்கு முந்தைய நாள் என்ன ஏற்றினீர்கள் என்று பாருங்கள். ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று வந்தால் பயப்பட வேண்டாம். மெஷின் ஒழுங்காக அணையவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. புதிதாக ஏற்றிய டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டு ஓஎஸ் இருப்பதாலேயே வருவது

விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு உறங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸில் நுழைந்து டி டிரைவில் எழுதப் போனால் லினக்ஸ் மறுக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெடலாம். அதன்பின் விண்டோஸ் தடுமாறும். வைஃபை லினக்ஸில் கிடைக்காமல் போவதற்கும் சில நேரம் இதுவே காரணம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தபின் அது திரும்ப வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று இடப் பற்றாக்குறை. 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பிரிக்கும்போது லினக்ஸுக்கு 20 ஜிபி மட்டும் விட்டால், அப்டேட்டுகள் சேர்ந்து அது நிறைந்துவிடும். லாகின்கூட ஆகாமல் நிற்கும். அதே சமயம், ஓஎஸ் மாற்றும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் அது கோளாறல்ல. விண்டோஸ் மெஷின் கடிகாரத்தை இந்திய நேரமாகவும், லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம்.

விண்டோஸ் 11 இருந்தால் பயோஸில் கை வைக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயோஸ் மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். கையில் இல்லையென்றால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

நின்ற மெஷினை அணைப்பது

பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துவது கடைசி வழி. லினக்ஸில் அதற்கு முன் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற மூன்று எழுத்தையும் இரண்டிரண்டு விநாடி இடைவெளியில் அழுத்துங்கள். முதல் எழுத்து பாக்கியை டிஸ்க்கில் எழுதும். இரண்டாவது டிஸ்க்கைப் பத்திரமாகப் பூட்டும். மூன்றாவது ரீஸ்டார்ட் செய்யும். சில கீபோர்டில் எஃப்என்-ஐயும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

கடையில் என்ன சொல்வது?

இவ்வளவும் பார்த்தபின் கடைக்குப் போக வேண்டியிருந்தால் "ஹேங் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணா, விண்டோஸ், உபுண்டு ரெண்டுலயும் நிக்குது. பென்டிரைவ்ல ஓட்டினாலும் நிக்குது. டிஸ்க் ஸ்மார்ட் சுத்தமா இருக்கு. மெம்டெஸ்ட்ல எரர் வருது. ராமை மாத்திப் பாருங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பாதி வேலை. அவர் வேறு ராம் ஒன்றைப் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் விலை சொல்வார். சோதிக்காமலேயே ஃபார்மட் என்றால் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கடையைப் பாருங்கள்.