லேசருக்கு முன்னால் ஒரு துளி ரத்தம்

கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே உள்ள வருசநாட்டு மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பு. 1898இல் அங்கே பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். பின்னர் கொல்கத்தா போய் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் அங்கே ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகமிகச் சொற்பமான பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறும் என்பது அந்தப் பொருளின் மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆக, சிதறிய ஒளியைப் பிரித்துப் பார்த்தாலே உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடலாம். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் அதில் பங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு.

அன்று அவர்கள் சோதித்தவை பெரும்பாலும் குப்பியில் அடைத்த திரவங்கள். இப்போது அதே உத்தி புற்றுநோயாளியின் ரத்தத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது.

ரத்தத்தில் ஏன் தேட வேண்டும்? உடம்பின் ஒவ்வொரு செல்லும் மிக நுண்ணிய பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. எக்சோசோம் எனப்படும் வகை 30 முதல் 150 நானோமீட்டர் வரைதான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கு அகப்படாது. ஆனால் தன்னை அனுப்பிய செல்லின் புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. ஆகியவற்றில் கொஞ்சம் அதற்குள் இருக்கும். போடி ஏலக்காய் ஏலத்தில் தட்டில் வரும் சாம்பிளை உருட்டிப் பார்த்தே வியாபாரி மூட்டைக்கு விலை சொல்வதைப் போல, இந்தப் பையைப் படித்தால் அனுப்பிய செல்லின் லட்சணம் தெரிந்துவிடும். புற்றுநோய்ச் செல்லும் இப்படிப் பைகளை அனுப்பத்தான் செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், இப்படி நிறம் மாறிச் சிதறும் ராமன் ஒளி மிகவும் பலவீனமானது. கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் ஒன்றிரண்டுதான் நிறம் மாறும். 1970களில் இதற்கு ஒரு வழி கிடைத்தது: சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறு பல மடங்கு வலுவான சமிக்ஞை தருகிறது. இன்று தங்கம், வெள்ளி நானோதுகள்களின் மேல் எக்சோசோம்களை வைத்து லேசர் பாய்ச்சுகிறார்கள். 2020இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 43 நுரையீரல் புற்றுநோயாளிகளின் எக்சோசோம்களை இப்படிச் சோதித்து, வந்த ஒளிக்கோடுகளைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரிடம் புற்றுநோய்ச் சாயல் தெரிந்தது. ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களும் அந்த 43 பேரில் அடக்கம்.

தமிழ்நாட்டிலும் ஒளியை வைத்து ரத்தத்தைப் படிக்கும் வேலை புதிதல்ல. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எஸ். கணேசன் குழு 2003இல் வாய்ப்புற்றுநோயாளிகளின் ரத்த பிளாஸ்மாவில் ஊதா ஒளியைப் பாய்ச்சி, அது எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்த்தது. ராமன் முறையிலிருந்து இது வேறு. இங்கே பிளாஸ்மாவில் உள்ள போர்ஃபைரின் போன்ற பொருள்கள் தாமே ஒளிர்கின்றன. ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரிந்தது. பின்னர் நவி மும்பையில் டாட்டா மெமோரியலின் ஆய்வு மையமான ஆக்ட்ரெக், வாய்ப்புற்றுநோயாளிகளின் சீரத்தை ராமன் முறையிலேயே சோதித்தது.

அப்படியானால் உள்ளூர் லேபில் எப்போது வரும்? அவசரப்பட வேண்டாம். ஆய்வுகள் பலவும் சில பத்து, சில நூறு பேரை வைத்து நடந்தவை. காய்ச்சல், அழற்சி, மாத்திரை, சாப்பாடு எல்லாமே ரத்தத்தின் ஒளிக்கோட்டை அசைக்கும். புற்றுநோய்ச் செல்லின் பைகளைவிட நல்ல செல்களின் பைகள் ரத்தத்தில் பல மடங்கு அதிகம். ரத்தத்திலிருந்து பைகளைப் பிரித்தெடுக்கவே பெரும்பாலும் அதிவேக சென்ட்ரிஃபியூஜ் தேவைப்படும். கொரியாவில் தெரிந்த கோடு கம்பத்திலும் அதேபோல் தெரியுமா என்று ஆயிரக்கணக்கானோரிடம் பார்த்த பிறகுதான் எந்த டாக்டரும் நம்புவார். அதற்கு முன் நம்பவும் கூடாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. இங்குள்ள சின்னமனூர் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஆட்களில் சிலர், வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்வது பழக்கம். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது.

வாய்க்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அதைத் திறந்தே பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. அங்கே லேசரும் இல்லை, நானோதங்கமும் இல்லை.

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தாலும், புண் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாவிட்டாலும், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் சிறு சதையை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்தானா என்பதை இன்றைக்கும் உறுதி செய்வது அந்தச் சோதனைதான்.