உஷார்! உரிமைத் தொகை உங்கள் கைக்கு வருகிறதா?

போடிப் பக்கத்துத் தாய்மாரே, ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எந்தக் கணக்கில் ஏறியது, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று உடனே பாருங்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மேல் பணம் போனது. அந்த மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அந்தப் பணத்திலேயே அபராதம் பிடித்ததாகப் புகார் கிளம்பியது. அப்படிப் பிடிக்கவே கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டி வந்தது. உங்கள் கணக்கிலும் பிடித்திருந்தால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் பேசுங்கள்.

இன்னொரு சிக்கல், ஆதாரை வைத்து அனுப்பும் பணம் நீங்கள் கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக்குத்தான் போகும். குழுக் கடனுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் அது முடங்கிக் கிடக்கலாம்.

விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டியபின் இறங்கும் பெண்ணுக்கு வங்கி திறந்திருக்கும் நேரம் வாய்ப்பதே இல்லை. ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால்தான் ஏடிஎம் அட்டையையும் நம்பரையும் அடுத்தவரிடம் கொடுத்துவிடும் பழக்கம் வருகிறது. கங்காணியாக இருந்தாலும், கடன் வசூலுக்கு வருபவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். 'தொகையைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்க' என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். சொல்லிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

திட்டம் வெற்றி என்று கணக்குப் பார்ப்பவர்களையும் கேட்கிறேன். விடுபட்டவர்களை யார் எண்ணினார்கள்? ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்று விதி வகுத்தார்கள். ஒரே மீட்டரில் நாலு குடும்பம் வாடகைக்கு இருக்கும் வளவில் அந்த யூனிட் யாருடையது? புருஷனை இழந்து தாய் வீட்டுக்கு வந்து, தாயின் கார்டிலேயே பெயர் இருக்கும் மகளுக்கு என்ன வழி? காய் எடுப்பு ஓயும் கோடையில் அவளுக்கு வேறு வருமானமே கிடையாது. எனக்கு இதுதான் பெரிய பயம். பணம் போனவர்களின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியத் தெரிய, இவள் கண்ணில் படாமலே போய்விடுவாள்.

மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 2023-லேயே அறிவித்தார்கள். காட்டு வேலைக்குப் போனவளுக்குச் செய்தி சேர்வதற்குள் அந்த நாள் கடந்துவிடும். மறுப்புச் செய்தி வந்தால் அதை அழிக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அதிகாரிகளே, பகல் பதினொரு மணிக்குக் கள ஆய்வுக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதாதீர்கள். ஜீப்புகள் திரும்பிய பிறகு வாருங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். குரங்கணிக்கு மேலே இருக்கும் மலைக்குடிகளுக்கு நீங்களே ஏறிப் போங்கள்.